காபி கிரைண்டர்: சின்ன அலுவலகத்துக்கு எது தோதுப்படும்?

காபிக்கொட்டை அரைப்பது பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 9 பேர். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை டிரிப் மெஷினில் காபி போடுகிறோம். தூள் பாக்கெட்டைப் பிரித்த நாலாம் நாளே மணம் போய்விடுகிறது. கொட்டையாக வாங்கி அரைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டோம். பணம் அதிகம் போடும் நிலையில் இல்லை. பிளேடு வைத்த கிரைண்டர் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: எவ்வளவு அரைக்க வேண்டியிருக்கும் என்று முதலில் கணக்குப் போட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். டிரிப் மெஷினுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55 முதல் 60 கிராம் தூள் பிடிக்கும். தலைக்கு 150 மில்லி என்று வைத்தால் 9 பேருக்கு 1.35 லிட்டர். அதற்கு 75 முதல் 80 கிராம். இரண்டு வேளைக்கு 160 கிராம். ஆக, 80 கிராமை ஒரே ஓட்டத்தில் சூடேறாமல் அரைத்துக் கொடுக்கும் மெஷின்தான் உங்களுக்கு வேண்டும்.

பிளேடு கிரைண்டர்கள் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 50, 60 கிராம்தான் கொள்ளும். அதைவிடப் பெரிய குறை வேறு. பிளேடு சுழலும் கிண்ணத்தில் தூள் வெளியேற வழியே இல்லை. பொத்தானை அழுத்தியிருக்கும்வரை ஏற்கெனவே தூளானது மேலும் தூளாகிறது, ஓரத்தில் ஒதுங்கிய அரைக்கொட்டை அப்படியே கிடக்கிறது. நுண்தூள் கசப்பைச் சீக்கிரம் இறக்கிவிடும். பெரிய துண்டுக்குள் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் டிகாக்‌ஷன் இறங்கி முடிந்துவிடும், அதிலிருந்து வருவது புளிப்புதான். ஒரே கோப்பையில் இரண்டும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்கு அந்த நுண்தூள் பில்டர் பேப்பரின் துளைகளை அடைத்து, கூடையிலிருந்து தண்ணீர் வழிந்து மேஜையெல்லாம் ஆகும்.

பர் கிரைண்டரில் பல் வெட்டிய இரண்டு துண்டுகள் இருக்கும். ஒன்று அசையாது, மற்றது சுழலும். கொட்டை இரண்டுக்கும் இடையில் நொறுங்கி, இடைவெளியின் அளவுக்குச் சிறுத்ததும் கீழே விழுந்துவிடும், மறுபடி அடிபடாது. அதிலும் நுண்தூள் கொஞ்சம் வரத்தான் செய்யும், ஆனால் பிளேடோடு ஒப்பிடவே முடியாது.

எனவே ஆரம்ப நிலை மின்சார பர் கிரைண்டர் ஒன்றைப் பாருங்கள். வாங்குமுன் பார்க்க வேண்டியவை இவை: 38 முதல் 40 மி.மீ. வரையான ஸ்டீல் கூம்பு பர். கியர் வைத்து வேகம் குறைத்த மோட்டார். கையாலேயே கழற்றக்கூடிய மேல் பர். தனியாகக் கிடைக்கும் ஸ்பேர் பாகங்கள். கடைசியில் சொன்னதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியம். நாளைக்கு 160 கிராம், வருடத்துக்கு 250 வேலைநாள் என்றால் 40 கிலோ. ஸ்டீல் பர் சில நூறு கிலோவரை தாங்கும். முதலில் போவது பர் அல்ல, பிளாஸ்டிக் கியரும் பர்ரைப் பிடித்திருக்கும் வளையமும்தான். அந்த வளையம் தனியாகக் கிடைக்காவிட்டால் மெஷினையே தூக்கிப்போட வேண்டும். பராட்ஸா கம்பெனி தன் மெஷின்களுக்கு பர், கியர், ஸ்விட்ச் வரை தனித்தனியாக விற்கிறது. 40 மி.மீ. கூம்பு பர்ரும் 40 செட்டிங்கும் கொண்ட அதன் என்கோர் மாடல் பல அலுவலகங்களில் வருடக்கணக்கில் ஓடுவதற்கு அதுவே காரணம். அதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேறு எதை எடுத்தாலும் இதே கேள்வியைக் கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

டிஜிட்டல் திரை, கப் எண்ணிக்கை பட்டன், பெரிய ஹாப்பர் (மேலே கொட்டை போடும் கூடு) இவற்றுக்கெல்லாம் பணம் போடாதீர்கள். கப் எண்ணிக்கை என்பது வெறும் டைமர். கொட்டை மாறினால் அதே விநாடியில் வேறு எடை விழும். மிச்சமாகும் பணத்தில் ஒரு சின்னத் தராசு வாங்கி, கொட்டையை எடைபோட்டு ஹாப்பரில் போடுங்கள், கணக்கு தப்பாது. இந்த வகை மெஷின்கள் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு கிராம் அரைக்கும். 80 கிராமுக்கு ஒன்றரை நிமிடம் ஒதுக்கினால் போதும். தொடர்ந்து எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். வாங்குமுன் அந்த ஒரு பக்கத்தையாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: கூம்பு பர், தட்டை பர், பீங்கான், ஸ்டீல் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது நல்லது?

பதில்: குறைந்த விலையில் என்றால் கூம்பு, ஸ்டீல். தட்டை பர் நன்றாக வேலை செய்ய இரண்டு தட்டுகளும் துளிகூடச் சாயாமல் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அந்தத் துல்லியத்துக்குத்தான் காசு. மலிவு விலை மெஷின்களில் தட்டை பர் என்று போட்டு விற்பவற்றில் சில, பல் நசுக்கும் வகையைச் சேர்ந்தவை. வெட்டுவதைவிட நசுக்குவது அதிகம் என்பதால் நுண்தூள் கூடும். படத்தில் பல் கூராக, வரிசையாகத் தெரியாமல் சின்னச் சின்ன மேடாகத் தெரிந்தால் அந்த வகை என்று வைத்துக்கொள்ளலாம்.

பீங்கான் பர் நீண்ட நாள் மழுங்காது, துருப்பிடிக்காது. ஆனால் கொட்டையோடு ஒரு கல் வந்தால் பல் தெறித்துவிடும். ஸ்டீலுக்குக் கல்லால் சேதம் வந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: நாங்கள் நாலே பேர். கையால் சுற்றும் கிரைண்டர் போதுமா?

பதில்: போதும். சொல்லப்போனால் அதே பணத்துக்கு மின்சார மெஷினைவிட நல்ல பர் கிடைக்கும், மோட்டாருக்கும் பெட்டிக்கும் செலவு இல்லையல்லவா. நாலு பேருக்கு 600 மில்லி, அதாவது 35 கிராம். கை கிரைண்டர் ஒரு தடவைக்கு 20 முதல் 25 கிராம் கொள்ளும், அதை அரைக்க ஒரு நிமிடம் ஆகும். இரண்டு தடவை நிரப்பினால் முடிந்தது. நடுத்தண்டு மேலும் கீழும் இரண்டு இடத்தில் பேரிங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் புஷ்ஷில் ஆடும் தண்டாக இருந்தால் சுற்றும்போது பர் ஒருபக்கம் சாயும், தூள் ஒழுங்காக வராது. கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஆறு பேருக்கு மேல் போனால் கை கிரைண்டர் வேண்டாம். முதல் வாரம் ஆளுக்கு ஆள் போட்டி போட்டுச் சுற்றுவார்கள், பிறகு யாரும் தொட மாட்டார்கள்.

கேள்வி: அலுவலகத்தில் ஒரு எஸ்பிரெஸோ மெஷின் இருக்கிறது. சிலர் பிரெஞ்ச் பிரஸ் வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே கிரைண்டர் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் மலிவாக வாங்க முடியாது. பிரெஞ்ச் பிரஸ்ஸுக்குத் தூள் ஏறக்குறைய 1,000 மைக்ரான் அளவில் கரகரப்பாக வேண்டும். எஸ்பிரெஸோவுக்கு 200 முதல் 300 மைக்ரான். ஆரம்ப நிலை மெஷினில் எண் இருக்கும், ஆனால் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே தாவல் அதிகம். எஸ்பிரெஸோவில் ஒரு எண் நைஸாக்கினால் சொட்டுச் சொட்டாக வரும், ஒரு எண் தளர்த்தினால் 15 விநாடியில் கொட்டிவிடும். நடுவில் நிறுத்த இடமே இராது.

உங்கள் எஸ்பிரெஸோ மெஷினின் கூடையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் ஒரே ஒரு துளைதான் இருந்தால் அது அழுத்தக் கூடை. தூள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்த ஒற்றைத் துளையே அழுத்தத்தை உண்டாக்கிவிடும், சாதாரண கிரைண்டர் போதும். அடி முழுக்கத் துளைகள் இருந்தால் அழுத்தம் தூளிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதற்கு எஸ்பிரெஸோவுக்கென்று நெருக்கமான செட்டிங் உள்ளதை ஒன்றும், பிரெஞ்ச் பிரஸ்காரர்களுக்கு ஒரு கை கிரைண்டரும் என்று பிரித்துவிடுவது நல்லது. ஒரே மெஷினை நாள் முழுக்க மாற்றி மாற்றித் திருப்பினால், ஒவ்வொரு முறையும் முந்தைய அளவுத் தூள் சில கிராம் உள்ளே தங்கி அடுத்தவர் காபியில் விழும். யார் செட்டிங்கைக் கலைத்தது என்ற பஞ்சாயத்து வேறு.

கேள்வி: புதிதாக பர் கிரைண்டர் வாங்கினோம். எந்த எண்ணில் வைப்பது என்று தெரியவில்லை. ஒரு நாள் கசக்கிறது, ஒரு நாள் சப்பென்று இருக்கிறது.

பதில்: மெஷினில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பொதுவான அர்த்தம் கிடையாது. ஒரு மெஷினின் 15 இன்னொன்றின் 22 ஆக இருக்கலாம். நடு எண்ணில் தொடங்குங்கள். தூளின் எடை, தண்ணீரின் அளவு இரண்டையும் மாற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். காபி சப்பென்று, புளிப்புத் தூக்கலாக இருந்தால் இரண்டு எண் நைஸாக்குங்கள். கசந்து நாக்கு வறண்டால் இரண்டு எண் கரகரப்பாக்குங்கள். மாற்றிய பிறகு 5 கிராம் கொட்டையை ஓடவிட்டு அந்தத் தூளைக் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் பழைய அளவுத் தூள்தான் முதலில் வரும். பலர் இதைச் செய்யாமல் மறுநாளும் எண்ணை மாற்றி, அதற்கடுத்த நாளும் மாற்றிக் குழம்பிப்போகிறார்கள்.

நைஸ் பக்கம் திருப்பும்போது மோட்டார் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நின்ற நிலையில் திருப்பினால் இடையில் சிக்கியிருக்கும் கொட்டைத் துண்டுகள்மேல் பர் நெருக்கி உட்காரும். அடுத்த முறை ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் திணறும். கரகரப்புப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் திருப்பலாம்.

ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி என்றால் எண்ணைவிட எடையில்தான் சந்தேகம். ஸ்பூனால் அளக்கிறீர்களா? லேசாக வறுத்த கொட்டை சின்னதாக, கனமாக இருக்கும். அதிகம் வறுத்தது உப்பி, எடை குறைந்திருக்கும். அதே ஸ்பூனில் இரண்டும் ஒரே எடை வராது. சரியான எண் கிடைத்ததும் மெஷின்மேல் ஒரு டேப் ஒட்டி எண்ணையும் கிராமையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: அரைத்த பிறகு தூள் டப்பாவிலும் மேஜையிலும் ஒட்டிக்கொண்டு பறக்கிறது. மெஷின் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, நிலைமின்சாரம். கொட்டை நொறுங்கும்போதும் உரசும்போதும் தூளுக்கு மின்னேற்றம் வருகிறது. ஓரிகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், கொட்டையின் ஈரப்பதம் குறையக் குறைய இந்த மின்னேற்றம் கூடுவதையும், அரைக்குமுன் சிறிது தண்ணீர் சேர்த்தால் வெகுவாகக் குறைவதையும் காட்டினார்கள். அதிகம் வறுத்த கொட்டையிலும் ஏசி அறையிலும் தொல்லை அதிகமாகத் தெரியும்.

ஒரு ஸ்பூனின் காம்பைத் தண்ணீரில் நனைத்து, எடைபோட்ட கொட்டையை அதனால் நாலு சுற்றுக் கிளறுங்கள். 80 கிராம் என்றால் தெளிப்பானால் ஒன்றிரண்டு முறை தெளித்தாலும் சரி. கொட்டையின்மேல் மினுமினுப்புத் தெரியலாம், சொட்டக் கூடாது. அப்போதைக்கு அரைக்கும் கொட்டைக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். ஹாப்பரில் நாள்கணக்கில் கிடக்கும் கொட்டையில் தெளித்தால் பூஞ்சையும் துருவும்தான் மிச்சம். இதுவும் வேண்டாமென்றால், அரைத்து முடித்தபின் டப்பாவை உடனே இழுக்காமல் அரை நிமிடம் விடுங்கள், ஓரளவு அடங்கும். கண்ணாடி டப்பாவில் பிளாஸ்டிக்கைவிட ஒட்டல் குறைவு.

கேள்வி: ஸ்விட்சைப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று சத்தம் மட்டும் வருகிறது, பர் சுற்றவில்லை. வாரண்டி முடிந்துவிட்டது. நாமே சரிசெய்ய முடியுமா?

பதில்: முதல் காரியம், ஸ்விட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்குங்கள். உறுமிக்கொண்டே விட்டால் மோட்டார் சுருள் எரிந்துவிடும்.

பத்தில் எட்டு, பர்ரில் ஏதோ சிக்கியிருக்கும்: கல், நின்ற நிலையில் நைஸாக்கியதால் இறுகிய கொட்டை, அல்லது எண்ணெய்ப் பசையோடு கெட்டியாகிப்போன தூள். அரைக்கும் அளவை மாற்றும் வளையத்தைக் கடைசிவரை கரகரப்புப் பக்கம் திருப்புங்கள். ஹாப்பரைக் கழற்றி, மெஷினைக் கவிழ்த்தோ வாக்குவம் கிளீனரால் உறிஞ்சியோ கொட்டையை வெளியேற்றுங்கள். மேல் பர் இப்போது கையோடு வர வேண்டும். வராவிட்டால் ஸ்குரூடிரைவரால் நெம்பாதீர்கள், வளையத்தை மெல்ல இப்படியும் அப்படியும் ஆட்டினால் தளரும். கீழ்க் கூம்பின் பல்லிடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். கல் என்றால் வெளிறிய புள்ளியாகத் தெரியும், இடுக்கியால் எடுத்துவிடலாம். பிறகு தூள் விழும் வழியை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். அங்கே கெட்டியாக அடைத்திருந்தால் பர் சுத்தமாக இருந்தும் மோட்டார் திணறும். பிரஷ்ஷால் துடைத்து, மேல் பர்ரின் குறியும் உடம்பிலுள்ள குறியும் நேராக வரும்படி உட்கார வையுங்கள். கரகரப்பு எண்ணில் வெறுமையாக இரண்டு விநாடி ஓட்டி, பிறகு பத்துக் கொட்டை போட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் உறுமல் மட்டும் என்றால் மோட்டாரையோ, கண்டென்சர் உள்ள மாடலில் அதையோ பார்க்க வேண்டும். அது மெக்கானிக் வேலை. கண்டென்சரில் பிளக் பிடுங்கிய பின்னும் மின்சாரம் தேங்கியிருக்கும், கை வைக்காதீர்கள்.

மோட்டார் நன்றாகச் சுற்றும் சத்தம் கேட்டு, தூள் மட்டும் வரவில்லையென்றால் கதை வேறு. கியரின் பல் உடைந்திருக்கும், அல்லது பர் வளையத்தின் பிளாஸ்டிக் காது முறிந்திருக்கும். சில மாடல்களில் அந்தக் காதை வேண்டுமென்றே மெலிதாக வைத்திருப்பார்கள், கல் சிக்கினால் மோட்டாருக்குப் பதில் அது முறியட்டும் என்று. ஸ்பேர் கிடைக்கும் மெஷினாகப் பார்த்து வாங்குங்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். எதுவுமே சத்தமில்லாமல் நின்றுவிட்டதென்றால் சூட்டுக்கான பாதுகாப்பு ஸ்விட்ச் துண்டித்திருக்கலாம். அரை மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: மூடிவிட்ட ஒரு காபிக் கடையின் பெரிய கிரைண்டர் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கிப்போடலாமா?

பதில்: எதற்காகச் செய்த மெஷின் என்று பாருங்கள். கடைகளில் பெரும்பாலும் இருப்பது மாட்ஸர் சூப்பர் ஜாலி போன்ற, 64 மி.மீ. தட்டை பர் வைத்த எஸ்பிரெஸோ கிரைண்டர். உழைப்பு என்றால் அப்படி ஒரு உழைப்பு. ஆனால் டிரிப் காபிக்கு அது யானை வாங்கிக் கட்டுவது மாதிரி: கனம், இடம், சத்தம் எல்லாம் அதிகம், தூள் விழும் வழியிலும் டோஸரிலும் (அரைத்த தூளைச் சேர்த்துவைத்து அளந்து விடும் பகுதி) ஒவ்வொரு முறையும் கணிசமான தூள் தங்கிவிடும். நாள் முழுக்க எஸ்பிரெஸோ மட்டும் போடும் அலுவலகமானால் தாராளமாக வாங்குங்கள்.

வாங்குமுன் பெயர்ப் பலகையில் ஒரு பேஸா மூன்று பேஸா என்று பாருங்கள். மூன்று பேஸ் என்றால் சாதாரண பிளக்கில் ஓடாது. பர்ரைக் கழற்றச் சொல்லி விரல் நகத்தைப் பல்லின் விளிம்பில் உரசுங்கள், நகம் சீவப்பட வேண்டும், வழுக்கினால் மழுங்கிவிட்டது. புது பர் விலையைப் பேசிய விலையோடு கூட்டிப் பார்த்து முடிவெடுங்கள். வெறுமையாக ஓட்டி அணைத்தபின் சத்தமின்றி மெல்ல நிற்க வேண்டும். கரகரவென்று கேட்டால் பேரிங் போயிருக்கிறது.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்ய வேண்டும்? அரிசி போட்டு அரைத்தால் சுத்தமாகும் என்கிறார்களே?

பதில்: பச்சையரிசியோ புழுங்கலரிசியோ எதுவும் வேண்டாம். காபிக்கொட்டை வறுபட்டு மொறுமொறுவென்று இருப்பது, அரிசி அதைவிட எவ்வளவோ கடினம். சின்ன மோட்டார் சிக்கி நின்றுவிடும், மாவு இடுக்கில் ஏறிக்கொள்ளும். கிரைண்டருக்கென்று மாத்திரை வடிவில் கிளீனர் விற்கிறார்கள், மாதம் ஒரு முறை அது போதும். அதன்பின் 20 கிராம் கொட்டை அரைத்துக் கொட்டிவிடுங்கள்.

உங்கள் அளவு உபயோகத்துக்கு வாரம் ஒரு முறை மேல் பர்ரைக் கழற்றிக் காய்ந்த பிரஷ்ஷால் துடைத்தால் சரி. கொட்டை எண்ணெய் வடிந்து பளபளவென்று இருக்கும் ரகமானால் வாரம் இரண்டு முறை. ஸ்டீல் பர்ரைத் தண்ணீரில் கழுவாதீர்கள், துரு ஏறும். ஹாப்பரையும் தூள் டப்பாவையும் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். எல்லோருடைய வேலை என்றால் யாரும் செய்ய மாட்டார்கள், ஒருவர் பெயரைப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: மிக்ஸியின் சின்ன ஜாரில் அரைத்துக்கொண்டால் என்ன?

பதில்: அதுவும் பிளேடுதான், முதல் பதிலில் சொன்னதெல்லாம் பொருந்தும். கிரைண்டர் வாங்கும்வரை சமாளிக்க, இரண்டு விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி இரண்டு விநாடி என்று ஏழெட்டு முறை செய்யுங்கள். பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு ஓரளவு ஒப்பேறும். மசாலா அரைத்த ஜார் மட்டும் வேண்டாம், வாசனை போகவே போகாது.

கேள்வி: மீட்டிங் அறைக்குப் பக்கத்திலேயே எங்கள் பேன்ட்ரி. சத்தம் தாங்கவில்லை. முந்தின நாள் மாலையே அரைத்து வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். காற்றுப் புகாத டப்பாவில், டப்பா நிறையும் அளவுக்கு வைத்தால் மணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிரித்து நாலு நாளான பாக்கெட்டைவிட எவ்வளவோ மேல். மெஷினுக்கு அடியில் கனமான ரப்பர் பாய் போட்டு, சுவரைத் தொடாமல் நகர்த்தி வைத்தால் மேஜையும் சேர்ந்து அதிரும் சத்தம் குறையும். சமையல் அலமாரியின் மெல்லிய பலகைமேல் வைக்காதீர்கள், அது சத்தத்தைப் பெருக்கும்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர் ஒரு கிரைண்டர் வாங்கிவரச் சம்மதித்திருக்கிறார். பிளக் அடாப்டர் போட்டால் போதுமல்லவா?

பதில்: அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை அல்ல. 120 வோல்ட் மெஷினை 230 வோல்ட்டில் செருகினால் போட்ட கணமே மோட்டார் புகைந்துவிடும். அடிப்பக்க ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 220–240 என்று இருந்தால் வாங்கலாம். 120 என்று மட்டும் இருந்தால், மெஷினின் வாட்டைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாத டிரான்ஸ்பார்மர் வேண்டும். மோட்டார் கிளம்பும்போது அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால் அந்தக் கூடுதல். டிரான்ஸ்பார்மர் விலையையும் அதற்கான இடத்தையும் கூட்டிப் பார்த்தால், உள்ளூர் வோல்டேஜிலேயே ஒன்று வாங்குவது பெரும்பாலும் மலிவாக முடியும்.